இழந்த பல்லுக்குப் பாலமா, இம்பிளாண்டா? பக்கத்துப் பற்களிலிருந்து தொடங்குவோம்

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியை இரண்டு மதிப்பீட்டுத் தாள்களுடன் என் முன் வந்து அமர்ந்தார். அவருக்கு வயது 42. கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல் சொத்தை முற்றிப்போய் ஓராண்டுக்கு முன் எடுக்கப்பட்டிருந்தது. ஒரு தாளில் மூன்று பல் கொண்ட பிரிட்ஜ், அதாவது பாலம் என்றும், மற்றொன்றில் ஒற்றை இம்பிளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் திருகின் மேல் ஒரு பல் என்றும் எழுதி, கீழே தொகையைக் குறித்திருந்தார்கள். “இதில் எது நல்லது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், டாக்டர்” என்றார். இரு தாள்களையும் முழுவதும் படித்துப் பார்த்தேன். எந்தப் பொருளில் செய்வது, எத்தனை ஆண்டு உத்தரவாதம், எத்தனை முறை வர வேண்டும் என்பதெல்லாம் இருந்தன. பல் இல்லாத இடத்துக்கு முன்னும் பின்னும் நிற்கின்ற இரண்டு பற்களின் நிலை என்ன என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பல் கட்டும் பணியில் இத்தனை ஆண்டுகள் கழிந்தபின் என் கருத்து உறுதியாக இதுதான். பாலமா, இம்பிளாண்டா, கழற்றி மாட்டும் பல்லா, அல்லது ஒன்றுமே செய்யாமல் விடுவதா என்ற முடிவு, காலியாகிவிட்ட இடத்தைப் பார்த்து எடுக்கக்கூடியது அன்று. அதன் இரு பக்கமும் உள்ள பற்களைப் பார்த்து எடுக்க வேண்டியது. காலியிடம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். பக்கத்துப் பற்கள் அப்படியல்ல. ஒருவருக்கு அவை சிறு கீறலும் படாத முழுப் பற்களாக இருக்கும். இன்னொருவருக்கு ஏற்கெனவே பாதிக்கு மேல் அடைப்பு வைத்து, வேர் சிகிச்சை முடிந்து, எப்படியும் பல்லை மூடும் உறையான கேப் போட்டே ஆக வேண்டிய நிலையில் இருக்கும். வேறொருவருக்கு ஈறு இறங்கி, விரலால் தொட்டாலே அசையும். இந்த மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லும் மருத்துவர் இருந்தால் அவர் காலியிடத்தை மட்டுமே பார்த்திருக்கிறார் என்று பொருள்.

பாலம் என்ற பெயர் மிகப் பொருத்தமானது. காலியிடத்துக்கு இரு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் செதுக்கிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் இரண்டு கேப்புகளை ஒட்டி, அந்தக் கேப்புகளுக்கு நடுவே ஒரு செயற்கைப் பல்லைத் தொங்கவிடுகிறோம். நடுவில் உள்ள பல்லுக்கு வேர் கிடையாது. அது ஈற்றின்மேல் மெல்லப் பட்டும் படாமலும் நிற்கிறதே தவிர, தாடை எலும்பில் எங்கும் ஊன்றவில்லை. அதன்மீது விழும் சுமை முழுவதும் கேப்புகளின் வழியாகப் பக்கத்துப் பற்களுக்கும், அங்கிருந்து அவற்றின் வேர்களுக்கும் செல்கிறது. இது புதிய யோசனையும் அல்ல. இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் கிறிஸ்துவுக்கு முன் 7-ஆம் நூற்றாண்டு அளவிலேயே தங்கப் பட்டையைப் பக்கத்துப் பற்களைச் சுற்றி வளைத்து, இடையில் மாற்றுப் பல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். இல்லாத பல்லின் வேலையை இருக்கின்ற பல்லின் தோளில் ஏற்றுவது என்ற அடிப்படை அன்றும் இன்றும் ஒன்றே.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தோள் எவ்வளவு தாங்கும் என்பது. பல்லின் வேர் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. கால் மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள ஒரு நார்ப்படலம் வேரைச் சுற்றி நின்று, பல்லைத் தாடைக் குழியில் தொட்டில் கட்டியதுபோலத் தாங்குகிறது. கடிக்கும்போது பல் சற்றே அமுங்கி மீள்வதற்கும், சோற்றில் கிடக்கும் சிறு கல்லைக் கடித்த மாத்திரத்தில் வாய் தானாகத் திறந்துகொள்வதற்கும் காரணம் அந்த நார்ப்படலமும் அதில் உள்ள நரம்பு நுனிகளும்தான். நார் பற்றியிருக்கும் வேரின் பரப்பு எவ்வளவு பெரிதோ, பல்லின் தாங்கும் திறனும் அவ்வளவு பெரிது. இந்த எண்ணத்தை 1926-இல் ஆண்டே என்ற பல் மருத்துவர் ஒரு விதியாக எழுதினார். தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பைக் கூட்டினால், அது இழந்த பற்களின் வேர்ப்பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும் என்பது அவ்விதி.

ஆசிரியையின் வாயை வைத்தே இதைக் கணக்கிடலாம். கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் வேர்ப்பரப்பு சராசரியாக 431 சதுர மில்லிமீட்டர். அதற்கு முன்னால் இருக்கும் இரண்டாம் சிறு கடைவாய்ப்பல்லுக்கு 207. பின்னால் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு 426. இரண்டையும் கூட்டினால் 633. இழந்தது 431. எனவே வேர்க்கணக்கில் இந்தப் பாலம் தாராளமாக நிற்கும். இப்போது அவருக்கு இரண்டாம் சிறு கடைவாய்ப்பல்லும் சேர்ந்து போயிருந்தது என்று வைத்துக்கொள்வோம். இழந்தவை 431-உம் 207-உம் சேர்ந்து 638. தாங்க மிஞ்சுபவை, 180 சதுர மில்லிமீட்டர் வேர்ப்பரப்பு உள்ள முதல் சிறு கடைவாய்ப்பல்லும், 426 உள்ள இரண்டாம் கடைவாய்ப்பல்லும், கூட்டினால் 606. ஒரே ஒரு பல் கூடுதலாகப் போனதும் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது.

வேர்க்கணக்கு கவிழ்வதோடு இது நிற்பதும் இல்லை. இரு கரைகளிலும் ஊன்றிய பலகையின் நடுவில் நின்றால் பலகை வளையும். கரைகளுக்கு இடையிலுள்ள தூரம் இரு மடங்கானால் வளைவு இரு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. மூன்று மடங்கானால் 27 மடங்காகிறது. பலகையின் தடிமனைப் பாதியாகக் குறைத்தாலும் அதே எட்டு மடங்குதான். பல் பாலத்துக்கும் இதே இயற்பியல் பொருந்தும். ஒற்றைப் பல் இடைவெளிக்கு அழகாக நிற்கும் அதே பொருளும் அதே தடிமனும் மூன்று பல் இடைவெளியில் வளைந்து, மேலே பூசிய பீங்கானை உதிர்த்து, ஓரத்துக் கேப்பின் ஒட்டுச் சிமெண்டைச் சிறிது சிறிதாக விடுவித்துவிடும். எதிர்த்தாடைப் பல் ஏற்கெனவே இறங்கி வந்து, இடையில் பல் வைக்க உயரமே இல்லாமல் போனவர்களுக்குப் பாலத்தின் தடிமன் குறைய வேண்டியிருக்கும் என்பதால், அவர்களுக்குச் சிறிய இடைவெளியும் ஆபத்தாகலாம்.

ஆண்டேயின் விதியை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஈறு நோய் நிபுணர்கள், அந்த விதிப்படி நிற்கவே கூடாத பாலங்கள், எலும்பு வெகுவாகக் குறைந்த பற்களின் மீதும் பல ஆண்டுகள் நின்றதைக் காட்டினார்கள். ஆனால் அந்த நோயாளிகள் ஈறு நோய்க்கு முழுமையான சிகிச்சை பெற்று, ஒழுங்காக மறுபரிசோதனைக்கு வந்து, பற்களில் அழுக்குப் படலம் சேரவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள். அதனால் நான் எண்ணிக்கையைக் காட்டிலும் எக்ஸ்ரேயையே அதிகம் நம்புகிறேன். எலும்புக்கு வெளியே நிற்கும் பகுதிக்கும் எலும்புக்குள் இருக்கும் வேருக்கும் உள்ள விகிதம் 2-க்கு 3 என்று இருந்தால் நல்லது. 1-க்கு 1 என்பது கடைசி எல்லை. இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. வேர் என்பது கூம்பு. மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருக்கும். எனவே ஈறு நோயால் மேற்பகுதி எலும்பு மூன்றில் ஒரு பங்கு கரைந்தால், இழந்த வேர்ப்பரப்பு மூன்றில் ஒன்றுக்கும் அதிகம்.

சாய்வும் ஒரு கேள்வி. கீழ் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் சும்மா இருந்தவர்களுக்கு, பின்னாலுள்ள பல் காலியிடத்தை நோக்கிச் சாய்ந்து கிடக்கும். பாலத்தின் இரு கேப்புகளும் ஒரே திசையில் இறங்க வேண்டும் என்பதால், சாய்ந்த பல்லை அதிகமாகச் செதுக்க நேரிடும். சாய்வு 25 பாகையைத் தாண்டினால் கம்பி போட்டுப் பல்லை நிமிர்த்திவிட்டுப் பிறகு கட்டுவதே நல்லது. நேரமில்லை என்று நோயாளியும், சமாளித்துவிடலாம் என்று மருத்துவரும் சேர்ந்து இந்தப் படியைத் தாண்டிச் செல்லும்போதுதான் செதுக்கும் கருவி பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள உயிர்க்கூழ் வரை போய்விடுகிறது.

பாலத்துக்காகப் பக்கத்துப் பற்கள் கொடுக்கும் விலையைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். மதிப்பீட்டுத் தாளில் எழுதப்படாத விலை அதுதான். முழுக் கேப்புக்காக ஒரு பல்லைத் தயார்செய்யும்போது, வெளியே தெரியும் பகுதியின் எடையில் 63 முதல் 72 விழுக்காடு வரை நீங்கிவிடுகிறது என்று 2002-இல் வெளிவந்த ஓர் அளவீடு முன்பற்களில் காட்டியது. கடைவாய்ப்பற்களிலும் நிலைமை இதைவிட மேலாக இல்லை. செதுக்கி முடித்த பல்லை நோயாளியின் கையில் கண்ணாடி கொடுத்துக் காட்டினால் பெரும்பாலோர் ஒரு நொடி பேச்சற்றுப் போகிறார்கள்; காலையில் முழுப் பல்லாக இருந்தது, மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு முளைபோல நிற்கிறது. எனாமல் மீண்டும் வளராது. அந்த முளைக்குள் இருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் செதுக்கும்போது எழும் சூட்டையும் அதிர்வையும் தாங்க வேண்டும். ஹாங்காங்கில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், தனிக் கேப் போட்ட உயிருள்ள பற்களில் 84.4 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. பாலத்தைத் தாங்கிய பற்களில் இருந்தவை 70.8 விழுக்காடே. அதாவது, நோயே இல்லாத ஒரு பல்லைப் பாலத்துக்குத் தூணாக்கினால், பத்தாண்டுக்குள் அது உயிரிழக்கும் வாய்ப்பு பத்தில் மூன்று அளவுக்கு உண்டு.

அதைவிடவும் என்னை வருத்துவது, சத்தமில்லாமல் நடக்கும் கேடு. பாலத்தின் இரு கேப்புகளில் ஒன்று மட்டும் பல்லை விட்டுக் கழன்றால், மற்றது இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் பாலம் கையோடு வராது. நோயாளிக்கு எதுவும் தெரியாது. வாயில் ஏதோ புளித்த சுவை, சில நாள் லேசான நாற்றம், அவ்வளவுதான். என்னிடம் இப்படி வருபவர்களின் பாலத்தை விரலால் அழுத்தி அழுத்தி விடுவேன். கழன்ற கேப்பின் விளிம்பில், ஈற்றோரமாக, எச்சில் சிறு சிறு குமிழிகளாக நுரைத்து வந்து உள்ளே போகும். அந்தக் குமிழியைக் கண்டாலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். பாலத்தை அறுத்து எடுத்தால், அடியிலிருந்த பல் ஊறிய மரத்தூள்போல் பழுப்பாக மென்மையாகி, கரண்டி வடிவக் கருவியில் அடையடையாக வரும். பல முறை அந்தப் பல்லையும் எடுத்தாக வேண்டியிருக்கும். ஒரு பல் இல்லாமல் பாலம் கட்ட வந்தவர், அடுத்தடுத்து இரண்டு பல் இல்லாதவராகிறார்.

இனி இம்பிளாண்டுக்கு வருவோம். டைட்டானியம் திருகை எலும்புக்குள் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொள்ளும்வரை சில மாதங்கள் காத்திருந்து, அதன்மேல் பல்லைப் பொருத்துவது இம்முறை. சுவீடனின் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இவ்வாறு செய்தார். இதன் பெருஞ்சிறப்பு, பக்கத்துப் பற்களிடம் எதையும் கேட்பதில்லை என்பது. அப்படியானால் எல்லோருக்கும் இம்பிளாண்டையே சொல்லிவிடலாமே என்று தோன்றும். எண்கள் அவ்வளவு எளிதாக அனுமதிப்பதில்லை. 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிடப்பட்ட ஒப்பீட்டின்படி, இரு பக்கமும் பற்கள் தாங்கும் வழக்கமான பாலங்களில் பத்தாண்டு கழித்தும் வாயில் இருந்தவை 89.2 விழுக்காடு, ஒற்றை இம்பிளாண்டின் மேல் பொருத்திய பற்களில் 89.4 விழுக்காடு. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். தொல்லையில்லாமல் இருப்பதில் பாலம் சற்று மேல் என்றுகூடச் சொல்ல இடமுண்டு. அதே தொகுப்பில், இம்பிளாண்டுகள் தாங்கிய பாலங்களை வைத்திருந்தவர்களில் 38.7 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குள் திருகு தளர்தல், பீங்கான் உடைதல் போன்ற ஏதேனும் ஒரு சிக்கலைச் சந்தித்திருந்தனர். பற்கள் தாங்கிய பாலங்களில் அது 15.7 விழுக்காடு.

நிலைப்பதில் சமம் என்றால், தோற்கும்போது யார் இழக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பது என் வாதம். இம்பிளாண்ட் தோற்றால் ஒரு திருகும், அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் எலும்பும் போகும். பக்கத்துப் பற்கள் இருந்தபடியே இருக்கும். மறுபடி வேறு வழி தேடலாம். பற்கள் தாங்கும் பாலம் தோற்கும்போது, தாங்கிய பல்லும் கூடவே போகும் வாய்ப்பு உண்டு. 42 வயதில் ஒருவருக்கு முடிவெடுக்கும்போது பத்தாண்டுக் கணக்கோடு நிறுத்திவிட முடியாது. அவர் வாழப்போகும் முப்பது, நாற்பது ஆண்டுகளில் அந்த இடத்தில் இரண்டு முறை, மூன்று முறை மாற்று வேலை நடக்கும். ஒவ்வொரு முறையும் அதே பக்கத்துப் பற்கள்தான் மீண்டும் செதுக்கப்படும்.

அதே சமயம், இம்பிளாண்ட் எல்லா உடலுக்கும் உடனே ஏற்றதன்று. புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் எலும்பு பற்றுவதும், பின்னர் அதைச் சுற்றியுள்ள ஈறு நலமாக இருப்பதும் கடினம். எலும்புத் தேய்வுக்காகச் சில வகை மருந்துகளை ஊசியாகவோ மாத்திரையாகவோ எடுத்துக்கொள்பவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடும் குழாய்க்கு மேலே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். பக்கத்துப் பல்லின் வேருக்கும் திருகுக்கும் இடையே 1.5 மில்லிமீட்டர் வேண்டும். எலும்பும் காத்திருப்பதில்லை. பல் எடுத்த முதல் ஆண்டிலேயே அந்த இடத்தின் அகலம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது என்றும், அதில் மூன்றில் இரு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நேர்ந்துவிடுகிறது என்றும் 2003-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். பணத்தைப் பற்றியும் மூடி மறைக்க வேண்டியதில்லை. இம்பிளாண்டுக்கு எலும்பு சேர்க்க வேண்டி வந்தால் முதல் செலவு பாலத்தைத் தாண்டிப் பெரிதும் உயரும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது சிறிய விஷயம் அல்ல. பல் மருத்துவக் கல்லூரிகளின் பல் கட்டும் துறைகளில் இந்தச் செலவு குறையும் என்பதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரு பக்கம் சொந்தப் பல், மறுபக்கம் இம்பிளாண்ட் என்று கலந்து கட்டும் பாலத்தை நான் இயன்றவரை தவிர்க்கிறேன். நார்த்தொட்டிலில் இருக்கும் பல் அமுங்கும். எலும்போடு இறுகிய திருகு அசையாது. இருவர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் மட்டும் குனிந்து நடப்பதுபோன்ற நிலை அது. மேலே சொன்ன 2007 தொகுப்பில் இவ்வகையின் பத்தாண்டு நிலைப்பு 77.8 விழுக்காடே. ஒரே பக்கத்துப் பல்லில் மட்டும் ஊன்றி, மறுமுனையை அந்தரத்தில் விடும் பாலமும் ஏறத்தாழ அதே அளவுதான், 80.3 விழுக்காடு, கடைவாயில் அது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் முன்பல் ஒன்று இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது, அதற்குக் காரணமும் பக்கத்துப் பற்கள்தான். மேரிலேண்ட் பாலம் என்று ஒரு முறை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் உருவானதால் அந்தப் பெயர். இதில் பக்கத்துப் பல்லைச் சுற்றிலும் செதுக்குவதில்லை. அதன் உட்பக்கத்தில், நாக்கு படும் இடத்தில், எனாமலுக்குள்ளேயே மெல்லியதாக வழித்துவிட்டு, ஒரு சிறகுபோன்ற தகட்டைப் பிசினால் ஒட்டுகிறோம். 2007 தொகுப்பில் இதன் பத்தாண்டு நிலைப்பு 65 விழுக்காடு என்று இருந்ததால் பலரும் இதைத் தற்காலிக வழியாகவே கருதினார்கள். பின்னர் ஜெர்மனியின் கீல் நகரத்தில் மத்தியாஸ் கெர்னும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஓர் அருமையான செய்தியைச் சொன்னது. முழுப் பீங்கானில் செய்த இவ்வகைப் பாலங்களில், இரு பக்கமும் சிறகு வைத்தவை பத்தாண்டில் 73.9 விழுக்காடு நிலைத்தன. ஒரே பக்கம் சிறகு வைத்தவை 94.4 விழுக்காடு நிலைத்தன.

தூண் குறைந்தால் பலம் குறையும் என்றே யாரும் நினைப்பார்கள், இங்கே கூடியது. ஒவ்வொரு பல்லும் கடிக்கும்போது தனக்கென்று ஒரு திசையில் சற்றே அசையும். இரண்டு பற்களை ஒரு தகட்டால் பிணைத்தால் அந்த இரு அசைவுகளும் ஒன்றையொன்று இழுத்து, நடுவிலுள்ள இணைப்பையும் ஓரத்து ஒட்டையும் வருத்துகின்றன. ஒரே பல்லோடு ஒட்டினால் பாலமும் அந்தப் பல்லும் சேர்ந்தே அசையும், இழுபறியே இல்லை. என்றாவது ஒட்டு விட்டாலும் செயற்கைப் பல் கையோடு வந்துவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் ஓடிவருவார்கள். அடியில் மறைவாகச் சொத்தை வளர வாய்ப்பே இல்லை. பிறவியிலேயே பக்கவாட்டு முன்பல் முளைக்காத பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். அந்த வயதில் தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். பற்கள் தாடையோடு சேர்ந்து இறங்கும், இம்பிளாண்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் ஒரு பல் மட்டும் மேலே ஏறி நிற்பதுபோலத் தெரியும். அந்தப் பிள்ளைக்காக இரண்டு நல்ல முன்பற்களை முழுதாகச் செதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. கடைவாய்க்கு மட்டும் இந்த ஒற்றைச் சிறகு முறையை நான் முதலில் பரிந்துரைப்பதில்லை. அங்கே அரைக்கும் விசை மிகப் பெரிது.

கழற்றி மாட்டும் பல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது பக்கத்துப் பற்களைப் பெரும்பாலும் செதுக்குவதில்லை, விலை குறைவு, காத்திருக்கும் காலத்துக்கு ஏற்றது. ஆனால் ஈற்றின்மேல் அமரும் அக்ரிலிக் பல் செட் பக்கத்துப் பற்களின் கழுத்தோரம் உணவைத் தேக்கும். உலோக வார்ப்பில் செய்து, பக்கத்துப் பற்களின் மேற்பரப்பில் சிறு குழி எடுத்து அதில் ஊன்றச் செய்தால் சுமையின் ஒரு பகுதி ஈற்றை விட்டுப் பல்லுக்குப் போகும். ஒற்றைப் பல் செட்டை உறங்கும்போது கட்டாயம் கழற்றி வைக்க வேண்டும்; தூக்கத்தில் விழுங்கிவிடும் ஆபத்து உண்மையானது.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு மருத்துவ முடிவுதான். நெதர்லாந்தின் நைமேகன் நகரத்துப் பல் மருத்துவ ஆய்வாளர் காய்சர் 1981-லிருந்து எழுதிவந்த ஆய்வுகளின் சாரம், முன்பற்களும் சிறு கடைவாய்ப்பற்களும் மேலும் கீழுமாக முறையாகச் சந்தித்து, சுமார் இருபது பற்கள் நல்ல நிலையில் இருந்தால் பலராலும் குறையின்றி உண்டு வாழ முடியும் என்பது. 74 வயதாகும் என் தாயாருக்குக் கீழே கடைசிக் கடைவாய்ப்பல் இரு பக்கமும் இல்லை. பாலம் கட்டப் பின்னால் தூணே கிடையாது. முன்னால் உள்ள பற்கள் நன்றாக இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எதிர்ப்பல் இறங்குகிறதா என்று அளந்து பார்ப்பதைத் தவிர நான் அவருக்கு எதுவும் செய்யவில்லை. முறுக்கை மட்டும் உடைத்துக் கொடுக்கிறோம்.

பாலமே சிறந்தது என்று நான் தயங்காமல் சொல்லும் இடங்களும் உண்டு. காலியிடத்துக்கு இரு பக்கமும் உள்ள பற்களில் ஏற்கெனவே கேப் இருந்து, அவை பழசாகி மாற்ற வேண்டிய நிலை வந்திருந்தால், பாலத்துக்காகப் புதிதாக இழக்க எதுவும் இல்லை. அங்கே இம்பிளாண்டுக்காக எலும்பைத் துளைப்பது தேவையற்றது. பெரிய அடைப்புகள் வைத்து, கேப் போடாவிட்டால் பிளந்துவிடும் என்ற நிலையிலுள்ள பற்களுக்கும் இது பொருந்தும். அறுவை சிகிச்சையே கூடாத உடல்நிலை உள்ளவர்களுக்கும், எலும்பு மெலிந்து, எலும்பு சேர்க்க விருப்பமில்லாதவர்களுக்கும் பாலம் நல்ல துணை. ஆனால் பாலத்தை ஏற்பவர் அதனடியில் தினமும் நூல் விட ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரண நூல் மேலிருந்து இறங்காது, கேப்புகள் ஒட்டியிருக்கின்றன. ஒரு முனை விறைப்பாக உள்ள நூலைப் பக்கவாட்டிலிருந்து நுழைத்து, செயற்கைப் பல்லின் வயிற்றுக்கும் ஈற்றுக்கும் நடுவே முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். முதல் நாள் அந்த நூலை முகர்ந்து பார்க்கச் சொல்வேன். அதன்பிறகு பெரும்பாலோர் மறப்பதில்லை.

அந்த ஆசிரியையின் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் வைத்து அவருக்கே காட்டினேன். பின்னாலிருந்த, பல் மருத்துவர்கள் 47-ஆம் எண் என்று குறிக்கும் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்திருந்தது, பெரிய அடைப்பு, கேப் போடாமலே மூன்றாண்டு ஓடியிருந்தது, சற்றே முன்னோக்கிச் சாய்வு. முன்னாலிருந்த 45-ஆம் எண் பல்லில் ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி சொத்தை இல்லை, எலும்பு கழுத்துவரை நிறைந்திருந்தது. இரு பக்கமும் 47-ஐப் போல இருந்திருந்தால் அன்றே பாலத்துக்கு அளவெடுத்திருப்பேன். 45-ஐப் பார்த்தபின் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவருடைய மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.9 என்று இருந்தது. அந்த நிலையில் இம்பிளாண்ட் பதிக்கவும் கூடாது. எனவே இரண்டு தாள்களில் எதையும் அன்று ஏற்கவில்லை. முதல் வேலையாக 47-க்குத் தனிக் கேப் போட்டோம். எதிர்ப்பல் இறங்காமலிருக்க ஒரு கழற்றி மாட்டும் பல் செய்து கொடுத்தோம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர அவருடைய மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன்.

சென்ற மாதம் வந்தபோது அளவு 7.1-க்கு இறங்கியிருந்தது. முப்பரிமாண ஸ்கேனில் எலும்பின் அகலமும், நரம்புக் குழாய்க்கு மேலுள்ள உயரமும் போதுமானவையாக இருந்தன. அரைப் பரீட்சை விடுமுறையில் இம்பிளாண்ட் பதிக்கத் தேதி குறித்திருக்கிறோம். 45-ஆம் எண் பல்லில் இதுவரை எந்தக் கருவியும் படவில்லை.